பழைய காடியை மழைக்குத் தயார் செய்து தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை: 2,800 வெள்ளி போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆண்டுக் கடைசி மழைக்குக் காடியைத் தயார் செய்து தருகிறோம் என்று சொன்ன ஒரு பட்டறை, எங்களிடம் 2,800 வெள்ளி வாங்கிக்கொண்டு பட்டை நாமம் போட்டுவிட்டது. பெயர் போடவில்லை. கோலாலம்பூரில் பழைய காடிகளை மட்டுமே பார்க்கிற, முகநூலில் அழகழகாகப் படம் போடுகிற வகை.

காடி அப்பாவுடையது, 1976 டட்சன் 120ஒய். நவம்பரில் இங்கே சாயங்காலம் கொட்டுகிற மழை இந்த மாதிரிக் காடியை இரண்டு இடத்தில் பதம் பார்க்கும். கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதி உள்ளே வெறும் கூடு. இறங்கின தண்ணீர் வெளியேற அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை அடைத்தால் உள்ளிருந்தே துரு தின்னும். அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர், இஞ்சினின் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பாகம். அதன் மூடியான கேப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலே போதும், ஈரம் புகுந்து இஞ்சின் நடுரோட்டில் நின்றுவிடும்.

இதையெல்லாம் நாங்கள் கேட்கும் முன்பே அந்தப் பட்டறைக்காரர் சொன்னார். லிப்டில் ஏற்றியிருந்த ஒரு வோக்ஸ்வேகன் பீட்டில் காடியின் அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை உரசியிருந்தது. இதற்குமேல் துரு மருந்து, பிரைமர், கடைசியில்தான் அடிப்பாகத்தைக் காக்கிற கறுப்பு அண்டர்கோட் பூச்சு என்றார். உண்மையிலேயே சரியான முறை அதுதான். "தம்பி, அப்பா ஓட்டின காடி, என் சொந்தக் காடி மாதிரி பாத்துக்கிறேன். நீங்க போய் தீபாவளி வேலையைப் பாருங்க" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "சரிப்பா" என்றார். 2,800 வெள்ளியை அங்கேயே நின்று அனுப்பினேன்.

முதல் பெரிய மழையிலேயே ஜாலான் கூச்சிங்கில் காடி நின்றது. உள்ளே அப்பா, பின்னால் லாரிகளின் ஹாரன். கண்ணாடி ரப்பர் வழியே ஒழுகி அவர் காலடி விரிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தது. எழுபது தாண்டிய மனுஷன் மழையில் இறங்கி நின்றிருக்கிறார்.

செந்தூலில் தெரிந்த போர்மேனிடம், அதாவது மெக்கானிக்கிடம், இழுத்துக்கொண்டு போனோம். அவர் கட்டைவிரல் நகத்தால் அண்டர்கோட்டைக் கீறினார். கறுப்புத் தோல் அப்படியே உரிந்து வந்தது. கீழே பழைய துரு செதில் செதிலாக இருந்தது. உரசவே இல்லை, துருவின் மேலேயே பூசியிருக்கிறார்கள். சில் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் குத்தினதும் காப்பித் தண்ணியாக ஊற்றியது. புதுசு என்று பணம் வாங்கின டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் பழையதே, துடைத்து மாட்டியிருந்தது.

அப்புறம் போன் படலம். முதலில் "கொண்டு வாங்க, பாக்கலாம்." பிறகு "பாஸ் வெளியூர்ல இருக்கார்." பிறகு வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. நேரில் போனால், "ஐம்பது வருஷக் காடி, இப்படித்தான் இருக்கும்." அதை 2,800 வெள்ளி வாங்குகிற அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே! ரசீதைக் காட்டிக் கேட்டேன். "பொது ரிப்பேர்" என்று ஒரே வரி எழுதியிருந்தார்கள், அதையே எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார்கள்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அண்டர்கோட் அடிப்பதற்கு முன் உரசின இரும்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கழற்றின பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக இருக்கட்டும். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. நான் திங்கட்கிழமை வழக்குப் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி பட்டறையில் யாருக்காவது நடந்திருந்தால் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள்.