டிராக்கில் அணைந்துபோகும் இன்ஜின்: ஒரு ஹாட் ஹேட்ச் காருடன் நீண்டகால அனுபவம்

டர்போ பெட்ரோல் இன்ஜினும் மேனுவல் கியர்பாக்ஸும் கொண்ட சிறிய ஹேட்ச்பேக் ஒன்றைச் சில ஆண்டுகளாக அலுவலகம் போய்வரவும், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் டிராக் நாள்களில், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் நாள்களில், ஓட்டவும் பயன்படுத்தி வருகிறேன். சாலையில் இந்தக் கார் ஒருமுறைகூட என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில், முன்பு மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்றும் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்றும் அழைக்கப்படும் 3.7 கி.மீ. நீளத் தடத்தில், வேகமாக ஓட்டும்போது மட்டும் இன்ஜின் திடீரென்று விசையை இழக்கத் தொடங்கியது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. நீளக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அதே காரை அதே டயர்களோடு ஓட்டியபோது இந்தக் கோளாறு தலைகாட்டவே இல்லை. இந்த வேறுபாடுதான் பின்னால் பெரிய துப்பாக அமைந்தது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரின் பொதுவான குணங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பிரேக் பேடுகளை மாற்றி, கொதிநிலை உயர்ந்த பிரேக் திரவத்தை ஊற்றிவிட்டால் ஒரு கால்மணி நேரச் சுற்றைத் தயக்கமின்றித் தாங்குகிறது. கிளட்சும் கியர்பாக்ஸும் எந்தத் தொல்லையும் தரவில்லை. சென்னையின் கோடையில் டர்போவுக்குள் போகும் காற்று சூடேறுவதால், சில சுற்றுகளுக்குப் பிறகு இன்ஜின் சற்றுச் சோர்ந்துபோகிறது. ஆனால் அது படிப்படியாக நிகழும் சோர்வு. காற்று சூடாவதைக் கண்டு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்தள்ளுவதால் வருவது. நான் இங்கே எழுதுவது அதைப் பற்றியல்ல. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருக்கும்போதே ஒரு நொடியோ இரண்டு நொடியோ இன்ஜின் இல்லாதது போலாகிவிடும் நிலையைப் பற்றி.

காரை வாங்கிய இடத்தைச் சேர்ந்த சேவை மையத்தில் முதலில் காட்டினேன். ஸ்கேனரைப் பொருத்தினார்கள், பிழைக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள், கார் நன்றாகவே ஓடியது. சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் டிராக்கில் கிடைக்கும் அளவுக்கு நீண்ட நேரம் பக்கவாட்டு விசை கிடைக்காது என்பதால், அந்தச் சோதனையில் எதுவும் தெரியவராததில் வியப்பில்லை. பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் மூன்றையும் மாற்றிப் பார்க்கலாம் என்ற அவர்களுடைய யோசனையை நான் ஏற்கவில்லை. மூன்றையும் ஒன்றாக மாற்றிக் கோளாறு மறைந்துவிட்டால் எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. மறையாவிட்டால் பணம்தான் போகும்.

மாறாக, ஈசியூவின் தரவுகளைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, கைப்பேசியில் தரவுகளைப் பதிவு செய்யத் தொடங்கினேன். விலை மலிவான இந்தக் கருவிகளில் ஒரு குறை உண்டு. அவை ஒரு நேரத்தில் ஒரு கேள்வியை மட்டுமே ஈசியூவிடம் கேட்டுப் பதில் வாங்குவதால், பத்துப் பன்னிரண்டு அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை கூடப் புதுப்பிக்கப்படாது. நமக்கு வேண்டிய நிகழ்வோ அதற்குள் முடிந்துவிடும். ஆகவே இன்ஜின் சுழற்சி வேகம், காரின் வேகம், ஆக்சிலரேட்டர் மிதியின் நிலை, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டின் நிலை, பெட்ரோலை இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் குழாயான எரிபொருள் ரெயிலின் அழுத்தம் ஆகிய ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டேன். காருக்குள் ஒரு சிறிய கேமராவை மீட்டர்களை நோக்கிப் பொருத்தியதும் அதே அளவுக்கு உதவியது.

இந்த ஐந்து வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எது முதலில் விழுகிறது என்பதே நோயைச் சொல்லிவிடுகிறது. மிதி முழுதாக அழுந்தியிருக்க, த்ராட்டில் தகடு மட்டும் தானாக மூடிக்கொண்டால் அது கோளாறே அல்ல. ஈசியூ வேண்டுமென்றே விசையைக் குறைக்கிறது. சக்கரம் வழுக்குவதைக் கண்டு, கார் நிலைதடுமாறாமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பு தலையிடுவது ஒரு காரணம். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே சமயத்தில் அழுந்தினால் பிரேக்குக்கே முன்னுரிமை தரும் ஏற்பாடு இன்னொரு காரணம்; இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகியவர்கள் இதை இன்ஜின் கோளாறு என்று எண்ணிக் குழம்புவது உண்டு. என் பதிவுகளிலும் ஓரிரு இடங்களில் ஈஎஸ்பியின் தலையீடு தென்பட்டது. ஆனால் நான் தேடிய நிகழ்வுகளில் தகடு திறந்தே இருந்தது.

அந்த நிகழ்வுகளில் முதலில் விழுந்தது ரெயில் அழுத்தம். இது பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை இன்ஜின். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப் சில பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே அனுப்ப, இன்ஜினின் கேம்ஷாஃப்டால் இயங்கும் இரண்டாவது பம்ப் அதை நூறு பாருக்கும் மேலே உயர்த்தி ரெயிலுக்குத் தருகிறது. நீண்ட வலது வளைவை முடித்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்த பின் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் ரெயில் அழுத்தம் மளமளவென்று சரிந்து, அதன் பிறகே சுழற்சி வேகம் மெதுவாக இறங்கியது. மீட்டர் முள் ஒரே அடியாக விழவில்லை; மூச்சுத் திணறுவதைப்போல் இறங்கி, அழுத்தம் மீண்டதும் ஒரு குலுக்கலோடு ஏறியது.

வலது வளைவில் பெட்ரோல் முழுவதும் டேங்க்கின் இடப்பக்கம் ஒதுங்கும். என் காரில் பம்ப் இருப்பது பின் இருக்கைக்குக் கீழே வலப்பக்கம். பாதிக்குக் கீழே இறங்கிவிட்ட டேங்க்கில், சாய்த்துப் பிடித்த குடத்தின் மேட்டுப்பக்கத்தில் தண்ணீர் மொள்ள முயல்வதுபோல், பம்ப் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. பம்ப்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் போன்ற அமைப்பு இருப்பதால் சற்று நேரம் சமாளிக்கும். ஆகவேதான் கோளாறு வளைவுக்குள் தெரியாமல், வளைவின் முடிவில், எரிபொருள் அதிகம் தேவைப்படும் தருணத்தில் தெரிகிறது. கரி தடத்தின் வளைவுகள் குறுகியவை. கிண்ணம் வற்றுவதற்குள் கார் அடுத்த பக்கம் திரும்பிவிடுகிறது. முன்பு சாதாரணச் சாலை டயர்களில் இருங்காட்டுக்கோட்டையிலும் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்து, பிடிப்பு அதிகமுள்ள டயர்களைப் போட்ட பின்பு தொடங்கியதற்கும் இதுவே விளக்கம்: டயர் நன்றாகப் பிடித்தால் வளைவில் வேகம் கூடும், பக்கவாட்டு விசை கூடும், பெட்ரோல் ஒதுங்குவதும் கூடும்.

இதை உறுதிப்படுத்துவதற்குச் செலவே இல்லை. டேங்க்கை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பிக்கொண்டு அதே வளைவுகளை அதே வேகத்தில் எடுத்தேன், அழுத்தம் அசையவில்லை. அளவு பாதிக்குக் கீழே இறங்கியதும் கோளாறு திரும்பியது. உயரழுத்தப் பம்ப்போ ஃபில்டரோ பழுதாகியிருந்தால் நேர்ப்பாதையிலும், டேங்க் நிறைந்திருக்கும்போதும் அழுத்தம் சரிந்திருக்க வேண்டும். வலது வளைவு முடிந்த பிறகு மட்டுமே, அதுவும் பெட்ரோல் குறைந்திருக்கும்போது மட்டுமே சரிவது, பெட்ரோல் பம்ப்புக்கு எட்டாததையே காட்டுகிறது. இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 எரிபொருளில் அதே விசைக்குச் சுமார் 6 முதல் 7 விழுக்காடு அதிக அளவு தேவைப்படும். இது கோளாறுக்குக் காரணம் அல்ல. ஆனால் கிண்ணத்தைச் சற்றுச் சீக்கிரம் வற்ற வைக்கும்.

தீர்வாக, பின்பக்கத்தில் தனிச் சிறு டேங்க் வைத்து அதிலிருந்து இன்னொரு பம்ப் மூலம் பெட்ரோல் எடுக்கும் ஏற்பாட்டைச் சிலர் பரிந்துரைத்தார்கள். பந்தயக் காருக்கு அது பொருத்தமே. குடும்பத்தோடு பயணம் செய்யும் காரின் டிக்கியில் கூடுதல் பெட்ரோல் இணைப்புகளை வைக்க எனக்கு மனமில்லை. டிராக்கில் இந்தக் கார் லிட்டருக்கு நான்கு கி.மீ. அளவே தருகிறது, கால்மணி நேரச் சுற்றில் சுமார் ஆறு லிட்டர் போகிறது. இப்படி இரண்டு கால்மணி நேரச் சுற்றுகளுக்கு ஒருமுறை, கேனில் கொண்டுபோகாமல் வெளியே உள்ள பங்க்கில் நிரப்பிக்கொள்கிறேன். கூடுதலாக 20 லிட்டர் என்றாலும் எடை 15 கிலோதான். அதனால் இழக்கும் நேரம் என் ஓட்டும் திறமைக்கு ஒரு பொருட்டல்ல.

இதோடு முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த நிலையில், டேங்க் நிறைந்திருக்கும்போதும் இன்ஜின் அணைந்தது. இம்முறை இடம் வேறு, விதமும் வேறு. நேர்ப்பாதையில், வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில், சில சுற்றுகள் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, யாரோ சாவியைத் திருப்பியதுபோல் ஒரு கணம் அணைந்து மீண்டும் பற்றிக்கொண்டது. வீடியோவை ஒவ்வொரு காட்சியாக நகர்த்திப் பார்த்தபோது இன்ஜின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் பூஜ்யத்தை நோக்கிச் சட்டென்று விழுவது தெரிந்தது. பதிவிலும் இன்ஜின் வேகம் பூஜ்யம். அதே நேரத்தில் கார் மணிக்கு நூறு கி.மீ.க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. கியரில் இருந்தபடி, கிளட்ச்சை மிதிக்காமல் அந்த வேகத்தில் போகும் காரில் இன்ஜின் சுழலாமல் இருக்க முடியாது. ஆகவே இன்ஜின் சுழன்றுகொண்டிருக்கிறது, அது சுழல்வதை ஈசியூ மட்டும் அறியவில்லை. டேஷ்போர்டு விளக்குகளும் ஆடியோவும் அணையாததால் பேட்டரி இணைப்பையும் சாவி சுவிட்சையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடிந்தது.

சுழற்சியை ஈசியூவுக்குச் சொல்வது, பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மை அச்சான கிராங்க்ஷாஃப்டைக் கவனிக்கும் கிராங்க்ஷாஃப்ட் சென்சார். பல கார்களில், 60 பற்களுக்கு இடமுள்ள ஒரு சக்கரத்தில் இரண்டு பற்கள் மட்டும் இல்லாமல் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைக் கொண்டே கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஈசியூ கணக்கிடுகிறது. இந்தச் சமிக்ஞை நின்றால் எப்போது பெட்ரோல் செலுத்துவது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்பது தெரியாமல் இரண்டையும் உடனே நிறுத்திவிடுகிறது. இந்தச் சென்சாரின் கோளாறைக் குறிக்கும் பிழைக் குறியீடு பி0335 பதிவாகியிருக்க வேண்டுமே என்று மெக்கானிக் கேட்டார். அரை நொடி மட்டும் விட்டுவிட்டு வரும் தடை, குறியீடு பதிவாவதற்கான நிபந்தனைகளை நிறைவு செய்யாமலே போய்விடுவது உண்டு.

ஐயத்தைத் தீர்த்தது, சுற்று முடிந்து, தடத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்தும் பிட்டுக்கு வந்தபின் இன்ஜின் முழுவதுமாக அணைந்து கிளம்ப மறுத்த ஒரு சந்தர்ப்பம். ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேனரில் இன்ஜின் வேகம் பூஜ்யமாக இருந்தது. பானெட்டைத் திறந்துவைத்து ஆறவிட்ட பிறகு ஒரே சாவித் திருப்பில் கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பியதும் நானும் மெக்கானிக்கும் சென்சாரைக் கழற்றி மல்ட்டிமீட்டரைப் பொருத்தி, ஹீட் கன்னால் மெல்லச் சூடேற்றினோம். என் காரில் இருப்பது இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகை. ஆறியிருந்தபோது நிலையான மின்தடையைக் காட்டிய மீட்டர், சூடு ஏறியதும் தடுமாறி, பின்பு சுருளே அறுந்துவிட்டதுபோல் அளவே காட்டாமல் போனது. ஆறவிட்டதும் பழைய அளவு திரும்பியது. மூன்று வயர் கொண்ட ஹால் வகைச் சென்சாரை இப்படி மின்தடையைக் கொண்டு சோதிக்க முடியாது. அதற்கு மின்சமிக்ஞையின் அலைவடிவத்தைக் காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

புதிய சென்சாரின் விலை ஒரு டயரின் விலையைவிடக் குறைவு. அது எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில், கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் இருப்பதால், அதற்குப் போகும் வயரின் மேல் வெப்பத்தைத் திருப்பும் உறை ஒன்றையும் போட்டோம். வயரை அவிழ்க்கும்போது ஒரு கிளிப் உடைந்து, வயர், ஒரு தாங்கியின் விளிம்பில் உராய்ந்து தேய்ந்து மெருகேறியிருந்ததைப் பார்த்தோம். செம்பு வெளியே தெரியவில்லை. ஆனாலும் இன்னும் சில டிராக் நாள்கள் போயிருந்தால், சூட்டோடு தொடர்பே இல்லாத மூன்றாவது கோளாறு ஒன்று அங்கிருந்து கிளம்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். சில கார்களில் சென்சாரை மாற்றிய பின் ஸ்கேனர் வழியாக ஈசியூவுக்கு அதைப் பழக்க வேண்டும். என் காருக்கு அது தேவைப்படவில்லை.

டிராக்கில் இன்ஜின் அணைந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் காருக்கு நம் கோளாறு தெரியாது. போய்க்கொண்டிருக்கும் பாதையிலிருந்து வெடுக்கென்று விலகாமல், ஹசார்டு விளக்கைப் போட்டு, மற்றவர்கள் எடுக்கும் கோட்டிலிருந்து மெதுவாக ஒதுங்கி, மார்ஷல் நிற்கும் இடத்துக்கு அருகில் நிறுத்துவது நல்லது. பிரேக் மிதியை எளிதாக்கும் வெற்றிட பூஸ்டரில் ஓரிரு முறை பிரேக் பிடிக்கவே உதவி மிஞ்சியிருக்கும் என்பதால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே அழுத்தாகப் பிடித்து நிற்க வேண்டும்.

சென்சாரை மாற்றிய பிறகு இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. சூட்டில் அணைவது மீண்டும் நிகழவில்லை. பாதி டேங்க்குக்குக் கீழே இறங்கினால் பழைய திணறல் இன்றும் வரும், அது இந்த டேங்க்கின் அமைப்பு. அவ்வப்போது டிராக்குக்குப் போக நினைப்பவருக்கு இந்தக் காரை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நேரக் கணக்கோடு போட்டியில் இறங்க விரும்புபவர் எரிபொருள் ஏற்பாட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். புளூடூத் கருவியை இன்னும் காரிலிருந்து கழற்றவில்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அந்த வயரின் கிளிப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.