ஆரல்வாய்மொழிக் காற்றும் அடாப்டிவ் இயர்பட்ஸும்

சுற்றியிருக்கும் சத்தத்துக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும் இயர்பட்ஸ் வாங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பிராண்ட் பெயர் வேண்டாம். இந்த 'அடாப்டிவ்' மோட் இப்போது பல கம்பெனிகளிலும் இருக்கிறது. தினமும் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ், அவ்வப்போது திருநெல்வேலி. என் பயன்பாடு அவ்வளவுதான்.

பஸ்ஸில் அருமை. வெளி மைக் இன்ஜின் இரைச்சலைப் பிடித்ததும், அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் விட்டு அடக்கிவிடுகிறது. இந்த யோசனைக்கு பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். எவ்வளவு அடக்குவது என்பதைக் கருவியே முடிவு செய்வதுதான் புதுசு. தக்கலையில் வண்டி நின்று இன்ஜின் ஓய்ந்தால் அடக்கமும் குறைந்து வெளிப்பேச்சு கேட்கும். ஏர்ஹாரன் மட்டும் எதற்கும் மசியாது. ஒரே சீரான, தாழ்ந்த சத்தத்திடம்தான் இதன் ஜம்பம் பலிக்கும்.

ஆரல்வாய்மொழியில் கதை வேறு. தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன! அங்கே பஸ்ஸுக்கு நின்றால் காதுக்குள் 'புடுபுடு'வென்று அடிக்கும். மைக் ஓட்டையில் காற்று மோதிச் சுழல்வதை, எங்கிருந்தோ வரும் பெரிய சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. காதுக்கு வராத சத்தத்துக்கு எதிரலை விட்டால் அதுவே புது இரைச்சல். இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு மைக்கிலும் ஒத்து வந்தால் சத்தம், சம்பந்தமில்லாமல் வந்தால் காற்று, காற்று என்று தெரிந்தால் வெளி மைக்கை ஒதுக்கிவிடும். ஆனால் நம்மூர்க் காற்று விட்டு விட்டல்லவா வீசுகிறது? ஒவ்வொரு வீச்சுக்கும் மோட் மாறி, பாட்டு கிட்டே வந்து வந்து போகும். நான் அங்கே எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுவேன். சிலிகான் முனை காதை அடைப்பதே போதும்.

பேசினால் பாட்டைத் தானாகக் குறைக்கும் வசதியும் உண்டு. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க உதவும். இருமினாலும் குறையும், கூடச் சேர்ந்து பாடினாலும் குறையும். அது கவனிப்பது நம் குரலை மட்டும். அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டால் ஒன்றும் நடக்காது. "மக்கா, காது கேக்காதா ஒனக்கு?" என்று பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் தெரியும்.

மழைதான் எனக்குக் கவலை. தகர ஷீட்டில் விழும் மழையின் கனத்த இரைச்சல் குறையும், 'சடசட' அப்படியே இருக்கும். உடனே வால்யூமைத் தானாக ஏற்றிவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இந்த ஏற்றம் எனக்குச் சரிப்படவில்லை. ஆப்பில் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள், தனியாக நிறுத்த வழி இருக்கிறதா என்று கடையிலேயே ஆப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.