வியர்வையை அளக்கும் அச்சு சென்சார்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

நீண்ட தூர ஓட்டப் பயிற்சிக்காக, முன்கையில் ஒட்டிக்கொள்ளும் வியர்வை சென்சார் ஒன்றைக் கோடை, குளிர் இரண்டு பருவங்களிலும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். மெல்லிய நெகிழிப் படலத்தின்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்ட பட்டை இது. கரும்புள்ளிகளாகத் தெரிபவை கார்பன் மையால் ஆன மின்முனைகள். அவற்றின் அருகே சாம்பல் நிறத்தில் இருப்பது வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை; மற்ற மின்முனைகளின் மின்னழுத்தத்தை இதை வைத்தே ஒப்பிட்டு அளக்கிறார்கள். பட்டையை ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும். அதன்மேல் பொருத்தும் சிறிய மின்னணுப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இதில் நான் முழுமையாக நம்புவது வியர்வையின் அளவைத்தான். தோலிலிருந்து சுரக்கும் வியர்வை நுண்ணிய கால்வாய்க்குள் புகுந்து, வழியில் இருக்கும் சாயத்தைக் கரைத்துக்கொண்டு முன்னேறுகிறது. அது எட்டிய தூரமே அளவு. வேதியியல் கணக்கு எதுவும் குறுக்கே வராததால் பிழை நேரும் இடம் குறைவு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, இடையில் குடித்த நீரையும் கணக்கில் சேர்த்து ஒப்பிட்டபோதெல்லாம் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

சோடியம் அளவைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஒட்டிய முதல் சில நிமிடங்களில் எண் தாறுமாறாக ஏறி இறங்கும். தோலில் ஏற்கெனவே படிந்திருக்கும் உப்பு கரைந்து வெளியேறி, கால்வாய் நிரம்பிய பிறகே அது நிதானப்படும். அதற்குப் பின்னும் ஒரு சிக்கல் உண்டு. சோடியத்தின் செறிவு பத்து மடங்கு மாறினாலும் மின்முனையில் எழும் மின்னழுத்தம் அறை வெப்பத்தில் சுமார் 59 மில்லிவோல்ட்தான் மாறும். ஆகவே ஒப்பீட்டு மின்முனை வெறும் 2 மில்லிவோல்ட் பிசகினாலே, திரையில் தெரியும் செறிவு சுமார் 8 சதவீதம் தவறிவிடும். நீண்ட ஓட்டங்களின் கடைசிப் பகுதியில், வேகமும் வெயிலும் மாறாதபோதும் எண் மெல்ல ஒரே திசையில் நகர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதை உடலின் மாற்றமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

உடலும் தன் பங்குக்குக் குழப்புகிறது. வியர்வை நாளத்தின் வழியே வெளியேறும்போது உடல் சோடியத்தின் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது; வேகமாக வியர்க்கும்போது அதற்கு அவகாசம் குறைவதால் உப்பு கூடுதலாக வெளியேறும். எனவே வியர்க்கும் வேகத்தைப் பார்க்காமல் செறிவை மட்டும் படிப்பதில் பொருளில்லை. முன்கையின் செறிவும் முழு உடலின் செறிவும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இதை ஏன் விடவில்லை என்றால், ஒரே இடத்தில், ஒரே மாதிரியான ஓட்டத்தில் எடுத்த என் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது தெளிவான போக்கு தெரிகிறது. சோடியம் லிட்டருக்கு 40 மில்லிமோல் (பொருளின் அளவைக் குறிக்கும் வேதியியல் அலகு) என்றால் ஏறத்தாழ 2.3 கிராம் உப்பு. அதை வியர்வையின் அளவால் பெருக்கித்தான் நீண்ட ஓட்டங்களுக்கான உப்பு நீரைக் கலக்கிறேன்.

கடும் உழைப்பில் தசைகளில் கூடும் லாக்டேட் என்ற வேதிப்பொருளின் அளவையும் பட்டை காட்டும்; அதை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். வியர்வைச் சுரப்பியே லாக்டேட்டை உண்டாக்குவதால், அந்த எண் தசையின் களைப்பையோ இரத்த அளவையோ நேரடியாகக் காட்டுவதில்லை. வியர்வையிலேயே சர்க்கரையைப் பார்த்துவிடலாம் என்ற பேச்சையும் ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். வியர்வையில் குளுக்கோஸ் இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். தோலில் ஒட்டியிருக்கும் துளியளவு மாசுகூட அதைக் கெடுத்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இதை நம்பி மருந்தின் அளவை மாற்றக் கூடாது. மருத்துவத்தில் வியர்வைச் சோதனைக்கு உறுதியான இடம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயைக் கண்டறிவதில் இருக்கிறது. அங்கே குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய்க்கான அறிகுறியாகக் கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனையில் பைலோகார்பின் மருந்தை மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி, கட்டுப்பாடான முறையில் வியர்வையை வரவழைக்கிறார்கள். என் பட்டையோ நான் வியர்த்தால்தான் பேசும். குளிர்காலத்து மெதுவோட்டங்களில் பெரும்பாலும் கால்வாய் பாதிகூட நிரம்புவதில்லை.

ஒட்டும் விதத்தில் கவனம் தேவை. சன்ஸ்கிரீன் பூசிய தோலில் ஓரம் எழும்பி, வியர்வை பக்கவாட்டில் கசிந்துவிடுகிறது. அந்த இடத்தை மட்டும் சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு ஒட்டினால் கடைசிவரை தாங்குகிறது. கழற்றியபின் சில மணி நேரம் தோல் சிவந்திருக்கும் என்பதால் கைகளை மாற்றி மாற்றி ஒட்டுகிறேன். இந்தச் சென்சாரின் கைபேசிச் செயலி எல்லாவற்றையும் கலந்து தரும் ஒற்றை ‘நீர்ச்சத்து மதிப்பெண்’ணை அணைத்து வைத்திருக்கிறேன், எதை எதோடு சேர்த்து அந்த எண்ணைக் கணக்கிடுகிறது என்று செயலியில் எங்கும் விளக்கம் இல்லை.