ஏற்பியும் ஜி புரதமும்: படிகமா, கிரையோ மின்நுண்ணோக்கியா?

செல் சவ்விலுள்ள ஏற்பி வெளிச் செய்தியைப் பெற்று, உள்ளே ஜிஎஸ் என்னும் ஜி புரதத்தைத் தூண்டும்; அது அடினைலில் சைக்ளேஸ் நொதியை இயக்கும். இந்த விதத்தை அணு அளவில் பார்க்க நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இது: புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் பார்ப்பதா, மெல்லிய பனியில் உறையவைத்து மின்நுண்ணோக்கியில் (கிரையோ) பார்ப்பதா?

மாதிரி
படிகம்: மி.லி.க்கு 20–50 மி.கி. அடர்த்தி.
கிரையோ: மி.லி.க்குச் சில மி.கி. அடர்த்தியே போதும், ஒரு கிரிட்டுக்கு (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) 3 மைக்ரோலிட்டர்.

தயாரிப்பு
படிகம்: ஆடும் பகுதிகளைக் கட்டிப்போட வேண்டும். 2011-இல் பிரையன் கோபில்கா குழு பீட்டா-2 (அட்ரினலின்) ஏற்பியில் டி4 லைசோசைம் என்ற சிறு, உறுதியான புரதத்தை இணைத்து, நானோபாடியும் (சிறு எதிர்ப்பொருள் துண்டு) சேர்த்து, ஏற்பி–ஜிஎஸ் கூட்டின் கட்டமைப்பை 3.2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் பெற்றது. ஜிஎஸ்ஸின் ஆல்ஃபா துணை அலகில் உள்ள ஹெலிக்ஸ் (சுருள்) பகுதி ஏறத்தாழ 127 பாகை திரும்பியிருந்தது தெரிந்ததும் அதில்தான். அருமையான உழைப்பு!
கிரையோ: லைசோசைம் தேவையில்லை; நானோபாடி இங்கும் கைகொடுக்கும்.

இரண்டிலும் நியூக்ளியோடைடுகளைச் சிதைக்கும் அப்பிரேஸ் நொதியை மறக்காதீர்கள். கரைசலில் குவனைன் நியூக்ளியோடைடு மிஞ்சினால் அது ஜிஎஸ்ஸின் காலிப் பையில் புகுந்து, ஏற்பியை விட்டுப் பிரித்துவிடும்.

சிக்கல்
படிகம்: வளராது, வளர்ந்தாலும் எக்ஸ் கதிர்ச் சிதறல் மங்கும்.
கிரையோ: பனி தடித்தால் படத்தின் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறையும், காற்று–நீர் எல்லையில் புரதம் சிதையும், ஒரே பக்கமாகப் படுக்கும்.

தனி ஏற்பியோடு சிறு மருந்து மூலக்கூறு என்றால் படிகம். ஜி புரதக் கூட்டுக்கும் முழு சைக்ளேஸுக்கும் தயங்காமல் கிரையோ. 2019-இல் ஏசி9 என்ற சைக்ளேஸும் ஜிஎஸ்ஸும் சேர்ந்த கூட்டு வெளிவந்தது அவ்வழியில்தான்.