அல்சூர் லேபில் பாப்பாவின் யூரின் டெஸ்ட்: வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பேக்கேஜ் வேண்டாம்

எங்கள் பாப்பாவுக்கு நாலு வயது. 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. கிட்னியில் இருக்கும் நுண்வடிகட்டிகள் எல்லாம் உருவாகி முடிய ஏறக்குறைய 36 வாரம் ஆகும். குறைமாதத்தில் பிறந்தால் அவை எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம், பின்னால் பி.பி. வரும் வாய்ப்பும் கூடுதல். அதனால் வருஷத்துக்கு ஒருதரம் பி.பி.யும், யூரினில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்த்துவிடச் சொன்னார் டாக்டர். அல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கிற புரதம், வடிகட்டிகள் பழுதானால் யூரினில் கசியும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு, அதோடு ஒப்பிட்டுத்தான் கசிவை அளப்பார்கள்.

பெங்களூரில் அல்சூர் மெட்ரோ பக்கம் இருக்கிற ஒரு லேபுக்குப் போனோம். பெயர் சொல்லவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். கவுண்டரில் சீட்டை நீட்டியதும், "குழந்தைங்களுக்கு ஹார்ட்-கிட்னி பேக்கேஜ் இருக்கு மேடம், 2,800 ரூபாய்" என்றார்கள். கேட்ட டெஸ்டுக்கு 450 தான். பேக்கேஜில் என்.ஜி.ஏ.எல். என்று ஒன்று இருந்தது. அது கிட்னிக்குத் திடீரென்று அடிபடும்போது யூரினில் ஏறுகிற புரதம். இதய ஆபரேஷன் ஆன குழந்தைகள், ஐ.சி.யூ.வில் கிடக்கிற குழந்தைகள், அவர்களுக்குத்தான் அது உதவும். அமெரிக்காவில் 2023 டிசம்பரில் 3 மாதம் முதல் 21 வயது வரைக்கும் அதற்கு அனுமதி கொடுத்ததும் அந்த மாதிரி நோயாளிகளுக்காகவே. பார்க்கில் சறுக்குமரம் ஏறுகிறவளுக்கு எதற்கு? சரி, ஹார்ட் எங்கே என்று கேட்டேன். அதே அல்புமினைத்தான் காட்டினார்கள்! பெரியவர்களுக்கு அல்புமின் கசிந்தால் இதயம், ரத்தக்குழாய் பற்றியும் ஒரு எச்சரிக்கை, அது உண்மை. நாலு வயதுப் பிள்ளையின் இதயத்தை யூரினில் ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. கையில் சின்னப் பட்டை கட்டி எடுக்கிற பி.பி. அதைவிட எவ்வளவோ மேல்.

450 ரூபாய் டெஸ்ட் மட்டும் போதும் என்றேன். மத்தியானம் மூன்று மணி, விளையாடிவிட்டு வந்த பிள்ளை. எப்போது எழுந்தாள், ஓடினாளா, காய்ச்சல் இருந்ததா, எதுவும் கேட்காமல் டப்பாவைக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்: 48, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்'. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டுமாம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாம்பிள் எடுத்த நேரம் ரிப்போர்ட்டில் எங்குமே இல்லை, என் பெரிய குறை அதுதான். ஓடியாடினாலும் காய்ச்சல் அடித்தாலும் அல்புமின் தற்காலிகமாக ஏறும். சில பிள்ளைகளுக்கு நின்றுகொண்டிருந்தாலே கசியும், படுத்தால் நின்றுவிடும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்த கையோடு, "காலையில முதல் யூரின் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அதே லேபின் வீட்டுச் சேவையைக் கூப்பிட்டோம். அங்கேதான் ஆச்சரியம். வந்த பெண்ணுக்குக் கவுண்டர் ஆட்களைவிட நூறு மடங்கு விவரம். முந்தின நாளே போன் செய்து, "அக்கா, ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்ரூம் போக வெச்சிடுங்க, அப்பத்தான் காலையில வர்றது படுத்திருந்தப்ப சேர்ந்ததா இருக்கும்" என்றாள். காலையில் ஆறரைக்கு வந்து, பாப்பாவோடு கன்னடத்தில் என்னவோ பேசிச் சிரிக்க வைத்தாள். துடைத்துவிட்டு, முதலில் கொஞ்சம் போக விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொன்னாள். டப்பாவின் மூடியை நான் தரையில் வைக்கப் போனதும் வாங்கி, உள்பக்கத்தில் விரல் படாமல் தன் கையிலேயே பிடித்துக்கொண்டாள். லேபிளில் நேரத்தை பேனாவால் எழுதி, ஐஸ் பேக் வைத்த பைக்குள் போட்டாள். இந்தத் தடவை 14.

ஆக, டெஸ்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் முழு மார்க், கவுண்டருக்குப் பாதிகூடக் கிடையாது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் இன்னொன்று: உடம்பில் தசை குறைவு, யூரினில் கிரியாட்டினினும் குறைவு, அதனால் இந்த விகிதம் இயல்பிலேயே கூடுதலாக இருக்கும். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கிற 30ஐப் பார்த்துப் பதறாமல் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வர 100 ரூபாய் தனி. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, சனிக்கிழமைக் காலை வேண்டுமென்றால் வெள்ளி மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.