உடற்கூறு எடைக்கருவி: எந்த எண்ணை நம்பி வாங்கலாம்?

எடையோடு கொழுப்பு, நீர், தசை, எலும்பு ஆகியவற்றின் அளவையும் காட்டும் கண்ணாடித் தட்டு எடைக்கருவி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வெறுங்காலுடன் ஏறி நின்றால் முதலில் எடை தெரிகிறது; சில நொடிகளில் மற்ற எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றில் எது அளந்து சொன்னது, எது கணக்குப் போட்டுச் சொன்னது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவதே நல்லது.

இக்கருவி அளப்பவை இரண்டே: எடையும், உடலின் மின்தடையும். குதிகாலும் முன்பாதமும் படும் உலோகத் தகடுகள் வழியாக, நம்மால் உணர முடியாத சிறிய மாறுமின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. வளர்ந்த ஆணின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதமும், பெண்ணின் எடையில் 50 முதல் 55 சதவீதமும் நீர்தான். உப்புகள் கரைந்த அந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். கொழுப்போ கடத்துவதில்லை என்றே சொல்லலாம். எனவே தடையை வைத்து நீரையும், கொழுப்பற்ற திசுக்களில் சுமார் 73 சதவீதம் நீர் இருக்கும் என்ற பொதுக் கணக்கை வைத்து அத்திசுக்களின் எடையையும் மதிப்பிட்டு, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது கருவி. இதில் நாம் பதிந்த உயரம், வயது, பாலினம் ஆகியவையும் சேர்கின்றன. செயலியில் வயதை மட்டும் கூட்டிவிட்டு மறுபடி ஏறினேன். உடல் அதே உடல்தான், ஆனால் கொழுப்பின் சதவீதம் மாறிவிட்டது.

அரை லிட்டர் தண்ணீர் குடித்த கையோடு ஏறிப் பார்த்தபோது, குடித்தது நீராக இருந்தும் கூடியது கொழுப்பு. வயிற்றில் இருக்கும் நீர் இன்னும் திசுக்களில் சேரவில்லை. தடை அப்படியே இருக்க எடை மட்டும் கூடுவதால், கூடியதில் பெரும்பகுதியைக் கருவி கொழுப்பில் எழுதிவிடுகிறது. மின்னோட்டம் கால்களையும் அடிவயிற்றையும் தாண்டி மேலே போவதில்லை என்பதால் கைகளும் மார்பும் முழுக்க ஊகமே.

எலும்பின் எடை என்று காட்டும் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. அது குறைவதை இந்த மின்னோட்டம் அறியாது. எலும்புத் தேய்மானம் பற்றிக் கவலை உள்ளவர்களுக்கு, இருவகை ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களால் அளக்கும் டெக்ஸா பரிசோதனையே சரியான வழி. திரையில் வரும் எண்ணைப் பார்த்து ஒருவர் நிம்மதியடைந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இவ்வளவு சொன்னாலும், உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவே செய்வேன். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், எதுவும் உண்ணாமலும் பருகாமலும் ஏறினால், ஒரு நாளின் எண் பிழையாக இருந்தாலும் பல வாரங்களின் போக்கு ஓரளவு உண்மையைச் சொல்லும். எடை அசையாத வாரங்களிலும் கொழுப்பின் கோடு மெல்ல இறங்குவதைக் காண்பது பெரிய ஊக்கம். மின்தடையை ஓம் அளவிலேயே காட்டும் வசதி இருந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகள் எடையை மட்டும் காட்டும் கருவியை வாங்கிக்கொள்ளலாம்.