வெளிமாநிலம் போகும்போது ரிவால்வரை எங்கே விடுவது? அண்ணா சாலைக் கடை ஒன்றின் டெபாசிட் சேவை

லைசென்ஸ் எடுத்துக் கைத்துப்பாக்கி வைத்திருக்கிற குடும்பஸ்தர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் நாம் அதிகம் பேர் இல்லை. நகைக்கடைக்காரர்கள், அடகுக்கடைக்காரர்கள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், அப்பா வைத்திருந்ததைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர்கள், அவ்வளவுதான். எனக்கு அயனாவரத்தில் அடகுக்கடை. ராத்திரி கடை பூட்டி நகைப்பெட்டியோடு வீடு திரும்பும் அந்தக் கொஞ்ச தூரத்துக்காகத்தான் கான்பூர் தயாரிப்பு .32 ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறேன்.

மகள் பெங்களூரில் கெங்கேரிப் பக்கம் குடியிருக்கிறாள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிடதியில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது என்று முடிவானது. வீட்டில் எல்லோருமே கிளம்புகிறோம். அப்படியானால் ரிவால்வர் எங்கே இருக்கும்? மாப்பிள்ளை போனில் கேட்டார், "லைசென்ஸ்தான் இருக்கே மாமா, இடுப்பிலேயே வச்சுக்கிட்டு வந்துட்டா என்ன?" நல்ல எண்ணத்தில் கேட்டதுதான். ராத்திரி கார் பயணம், கூடக் குழந்தைகள். ஆனால் அந்த வழி சரிப்படாது. ஏன் என்பதைச் சொன்னால்தான் இந்தக் கடையின் அருமை புரியும்.

முதலில் லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று போட்டிருக்கிற இடத்தைப் பாருங்கள். என்னுடையதில் தமிழ்நாடு என்று மட்டும்தான் இருக்கிறது. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வந்துவிட்டால் அது கர்நாடகம். அங்கே என் இடுப்பில் இருப்பது லைசென்ஸ் நிபந்தனையை மீறிய ஆயுதம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவில் நிபந்தனை மீறலுக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை சின்னதாகத் தெரியலாம். ஆனால் கேஸ் என்று ஒன்று வந்தால் லைசென்ஸே ரத்தாகலாம். வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்து, ஏன் வேண்டும் என்று விளக்கம் சொல்லி வாங்கின காகிதம் அது. ஒரு சுற்றுலாவுக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

அகில இந்தியாவுக்கும் செல்லும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் "எனக்கு இந்தத் தொல்லை இல்லை" என்று நினைக்கலாம். பூங்கா வாசலில் பையைச் சோதிக்கிறார்கள், ஆயுதம் உள்ளே போகாது. தனியார் இடம், அவர்கள் வைத்ததுதான் விதி. வாடகை லாக்கர் இருக்கிறது, ஆனால் அது மாற்றுத் துணி வைக்கிற லாக்கர். தண்ணீர் விளையாட்டுகளுக்கு நைலான், பாலியஸ்டர் மாதிரியான உடையில்தான் இறங்கணும், அந்த உடையில் எதை எங்கே மறைக்க முடியும்? காரிலேயே விட்டுவிட்டுப் போகலாமென்று சிலர் சொல்கிறார்கள். வெயிலில் நாள் முழுக்க நிற்கிற கார், ஆள் பார்க்காத பார்க்கிங், கண்ணாடியை உடைத்தால் ஒரு நிமிட வேலை. வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவில் டாலஸில் இருக்கிற என் தம்பி மகன் இதைக் கேட்டுவிட்டு, அங்கேயும் ஏறக்குறைய இதே கதைதான் என்றான். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்தும், புளோரிடாவில் 2023 ஜூலையிலிருந்தும் தகுதியுள்ளவர்கள் பர்மிட் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். ஆனால் புளோரிடாவின் ஆர்லாண்டோ டிஸ்னி பூங்கா வாசலில் 2015 டிசம்பரிலேயே மெட்டல் டிடெக்டர் வந்துவிட்டது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் பூங்கா அனுமதிக்காது. கலிபோர்னியாவோ வேறு எந்த மாநிலத்து பர்மிட்டையும் ஏற்பதே இல்லை. அனஹைம் டிஸ்னிலேண்டுக்குப் போகிற டெக்சாஸ்காரர் மாநில எல்லையிலேயே உரிமையை இழந்துவிடுகிறார். அவனும் குடும்பத்தோடு கிளம்பும்போது வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் போகிறானாம்.

சரி, நாமும் வீட்டிலேயே பூட்டி வைத்தால்? பீரோவுக்குள் தனி இரும்புப் பெட்டி எனக்கும் இருக்கிறது. ஆள் இருக்கிற வீட்டுக்கு அது போதும். ஆளே இல்லாத வீட்டில், அதுவும் அடகுக்கடைக்காரர் வீடு என்று தெருவுக்கே தெரிந்த வீட்டில், அதை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பாதுகாப்பாக வைப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம். திருடு போனால் முதல் கேள்வி நமக்குத்தான். வங்கி லாக்கர் நகைக்கும் பத்திரத்துக்கும். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், ஆயுதம் வைக்கக் கூடாது என்றே இருக்கும். சொந்தக்காரரிடமோ கடைப் பையனிடமோ கொடுத்து வைப்பது அதைவிட ஆபத்து. லைசென்ஸ் இல்லாதவர் கையில் அது இருந்தால் அவருக்கும் வழக்கு, நமக்கும் வழக்கு.

போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்தால் அதைத்தானே செய்கிறோம். ஸ்டேஷன் பெயர் வேண்டாம், ஒரு தேர்தலுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கியபோது குழலின் வெளிப்பக்கத்தில் பழுப்பாகத் துரு பூத்திருந்தது. உறையோடு அப்படியே வைத்துவிட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்கு ஆயிரம் வேலை, நம் ஆயுதத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கையில் வாங்கியபோது வயிறு எரிந்தது.

ஆகவே ஆயுத வியாபாரியிடம் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் இருக்கும் பழைய கடை. பெயரையும் கதவு எண்ணையும் வேண்டுமென்றேதான் போடவில்லை. பலருடைய துப்பாக்கிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடத்தை இப்படிப் பொதுவில் அடையாளம் காட்டுவது சரியில்லை. எல்லா வியாபாரியும் பிறர் ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, பாதுகாப்புக்கு வைத்துக்கொள்வதற்கும் சேர்த்து அவருக்கு லைசென்ஸ் இருக்கணும். அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கடையில் அதை ஃபிரேம் போட்டு கல்லாவுக்குப் பின்னாலேயே மாட்டியிருக்கிறார்கள், நாம் கேட்கவே வேண்டாம்.

போன் செய்தபோதே சொல்லிவிட்டார்கள்: தோட்டாவை வீட்டிலேயே வெளியே எடுத்துவிட்டு வாருங்கள், தோட்டா தனிப் பெட்டியில் வரட்டும், ரிவால்வர் உறைக்குள் முழுக்க மறைந்து வரட்டும். உறை விஷயத்தில் 2016ஆம் வருட ஆயுத விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுசாக மூடியிருக்கணும், நம் கட்டுப்பாட்டில் இருக்கணும்.

கடையில் அந்த வேலையைப் பார்ப்பவர் வயதான ஒருவர். முதலாளி இல்லை, பல வருடமாக அங்கேயே இருக்கும் ரிப்பேர்க்காரர். "காலியாத்தான் கொண்டாந்திருக்கேன்" என்றேன். "இருக்கட்டும் சார், என் கண்ணும் ஒரு தடவை பார்க்கட்டும்" என்று சொல்லிக் கையில் வாங்கினார். மேஜையின் ஓரத்தில் மணல் நிரப்பிய வாளி ஒன்று இருக்கிறது. குழலை அதன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் திறந்தார். இந்த ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கிற ரகம். கட்டைவிரலால் பக்கத்து நெம்பை அழுத்தினால் குழல் முன்பக்கம் கவிழும், நட்சத்திர வடிவத் தகடு மேலே எழும்பும், ஆறு அறைகளும் தெரியும். அறைகளைப் பார்த்தார், பிறகு விரல் நுனியால் ஆறின் வாயையும் ஒவ்வொன்றாகத் தடவினார். ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை அடிப்பக்கத்தில் பிடித்து, வெளிச்சம் அதில் பட்டுக் குழலுக்குள் ஏறும்படி வைத்து, மறுமுனையிலிருந்து உள்ளே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சுழன்று போகிற வரிப்பள்ளங்கள் பளிச்சென்று இருந்தன, ஓரிடத்தில் மட்டும் லேசாகக் கரிப்படிவு. அதை ரசீதிலேயே எழுதினார். நான் கொடுத்த நிலை என்ன, அவர் வாங்கிய நிலை என்ன என்று பிறகு தகராறு வரக் கூடாதாம்.

நம்பரைச் சரிபார்த்ததும் பிடித்திருந்தது. ரிவால்வரின் இரும்புச் சட்டத்தில் (ஃபிரேமில்) பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்து அவர் வாய்விட்டுப் படிக்க, லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணை இன்னொருவர் படித்துக்கொண்டே வந்தார். அப்புறம் யு.ஐ.என். (லைசென்ஸ்தாரருக்குக் கொடுக்கிற தனி அடையாள எண்), தோட்டாக்களின் எண்ணிக்கை. எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறியது. கார்பன் வைத்த ரசீதில் நானும் கையெழுத்து, அவர்களும் கையெழுத்து.

எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அடுத்து வந்ததுதான். என் தோல் உறையைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். "தோல் ஈரத்தைக் குடிக்கும் சார், நம்ம ஊர் கடல் காத்துல உறையோட வச்சா இரும்பு அரிச்சிடும்." மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் குழல், சட்டம், விசைக்காப்பு என்று துடைத்தார். துடைத்த பிறகு வெறும் கை படாமல் துணியாலேயே பிடித்தார். விரல் வியர்வையின் உப்புகூட துருவுக்கு ஆரம்பமாகிவிடும் என்றார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு துணிப்பையில் போட்டு, என் பெயர் இல்லாமல் ரசீது எண் மட்டும் எழுதிய அட்டையைக் கட்டினார். தோட்டா வேறு பெட்டியில், வேறு அலமாரியில். ஆயுத அறை உள்ளே இருக்கிறது, வாடிக்கையாளரை அங்கே விடுவதில்லை. விடக் கூடாது, அதுதான் முறை.

ஊரிலிருந்து வந்து திரும்ப வாங்கியபோது காகிதத்தைப் பிரித்துப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு மெருகில் ஒரு புள்ளி இல்லை. கரிப்படிவையும் காசு வாங்காமல் துடைத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் அலைக்குளத்தில் பேத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நாள் முழுக்க ரிவால்வர் ஞாபகமே எனக்கு வரவில்லை. கொடுத்த பணத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

குறைகளும் உண்டு. ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை மதியத்துக்கு மேல் டெபாசிட் வாங்குவதில்லை. வார இறுதிப் பயணம் என்றால் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட வேண்டியிருக்கிறது, திரும்ப எடுப்பது திங்கள்தான். அந்த வெள்ளி ராத்திரி நகையை வீட்டுக்கு எடுக்காமல் கடைப் பெட்டகத்திலேயே விட்டேன். நம்மைப் போன்றவர்கள் ஆயுதம் வாங்கியதே அந்த ராத்திரிகளுக்காகத்தான், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரமாவது திறந்து வைத்தால் புண்ணியமாகப் போகும். கட்டணம் மாதத்துக்கு 600 ரூபாய். சில நாள் வைத்தாலும் முழு மாதக் காசுதான். நாள் கணக்கில் ஒரு கட்டணம் வைக்கலாம், கேட்டுப் பார்த்தேன், ரிஜிஸ்டர் வேலை ஒன்றுதானே என்றார்கள். அந்த நியாயத்தை நான் முழுசாக ஏற்கவில்லை, ஆனாலும் காசு கொடுக்கத் தயங்கவில்லை. வண்டி நிறுத்த இடம் கிடையாது. யாராவது வாசலில் இறக்கிவிட்டுப் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், ரிவால்வரோடு நடக்கிற தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கூட்ட நேரம் எது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தேர்தல் தேதி அறிவிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே அங்கே வரிசை நிற்கும், பலர் ஸ்டேஷனுக்குப் பதில் வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீதை ஸ்டேஷனில் காட்டுகிறார்கள். 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை 2 ஆகக் குறைத்தார்களே, அதற்கு அடுத்த ஒரு வருடம் மூன்றாவதை ஒப்படைக்க வந்தவர்களால் இடமே இல்லாமல் போனதாம். அதே திருத்தத்தில்தான் லைசென்ஸ் காலம் 3 வருடத்திலிருந்து 5 வருடமானது. கொடுக்கும் முன் உங்கள் புத்தகம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஆயுதம் உள்ளே இருக்கும்போது லைசென்ஸ் காலாவதியானால், புதுப்பிக்கும் வரை திருப்பித் தர மாட்டார்கள்.

எடுக்கப் போகும்போது ஒரிஜினல் ரசீதும் ஒரிஜினல் லைசென்ஸ் புத்தகமும் கையில் இருக்கணும். எனக்கு முன்னால் நின்றவர் போனில் இருந்த போட்டோவைக் காட்டி, அண்ணன் அனுப்பினார் என்றார். பெரியவர் மரியாதையாகவே பேசினார், நாற்காலி போட்டு உட்காரவும் சொன்னார், ஆனால் அண்ணனே நேரில் வரட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.